இணைய நிறுவனம் மாற்றினோம், ரூட்டர் வாங்கினோம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பழையமோடம் (மதுரை):

பத்து வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் டெலிபோன் கம்பி வழியாகத்தான் இணையம். மழை பிடித்தால் போனில் கரகரப்பு, நெட் அம்பேல். ஒருவழியாகப் போன மாதம் பைபருக்கு மாறினேன். 200 எம்பிபிஎஸ் திட்டம். "பைபர் வந்து சேர்ற ஓஎன்டி பெட்டி நாங்க தந்துடுவோம் சார், வைஃபை ரூட்டர் மட்டும் நீங்க வாங்கிக்கோங்க" என்றார் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி. வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்று பழையதை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். "இது ஏடிஎஸ்எல் மோடம் சார். டெலிபோன் வயர் செருகுற ஓட்டைதான் இருக்கு, வெளியிலேருந்து வர்ற நெட் கேபிளைச் செருகுற வேன் போர்ட்டே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைக்குப் போனேன். அட்டையில் பெரிதாக 'ஏசி1200' என்று போட்டிருந்தது. கடைக்காரர், "1200 ஸ்பீடு சார், உங்க 200க்கு இது தாராளம்" என்றார். எனக்கும் கணக்குச் சரியாகத்தான் பட்டது. வாங்கி வந்து மாட்டினேன். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 94. பக்கத்தில் நின்று போட்டாலும் 94, காலையில் 94, நள்ளிரவில் 94. நிறுவனத்துக்குப் போன் போட்டு நன்றாகச் சத்தமும் போட்டேன். அப்புறம்தான் லேப்டாப்பை நேராக ஓஎன்டியில் கேபிளால் இணைத்துப் பார்த்தேன். 200 முழுசாக வந்தது!

ரூட்டர் அட்டையைத் திரும்ப எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பொடி எழுத்தில் இருந்தது: வேன் போர்ட் 10/100. அதாவது உள்ளே வரும் வாசலே 100 எம்பிபிஎஸ்தான். அந்த 1200 என்பது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழுதாக்கிய எண். ஆகாயத்தில் எவ்வளவு வேகம் இருந்து என்ன, வாசல் குறுகல். அட்டையைப் பிரித்துவிட்டதால் கடையில் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். நான் மட்டும்தான் இப்படி ஏமாந்தேனா, இல்லை துணைக்கு ஆள் இருக்கிறீர்களா?

எட்டுக்கம்பி (திருச்சி):

இருக்கிறேன் அண்ணே. எனக்கும் அதே 94. ஆனால் நான் விவரமாகக் கிகாபிட் போர்ட் (1000 எம்பிபிஎஸ்) பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். ரூட்டர்தான் கோளாறு என்று மாற்றி வேறு வாங்கினேன், அதிலும் 94. கடைசியில் குற்றவாளி ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் இருந்த ஒன்றரை அடிக் கேபிள். உள்ளே எட்டுக் கம்பி இருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மாட்டியவர் நாலைத்தான் ஜாக்கில் வைத்து கிரிம்ப் செய்திருந்தார், மிச்சம் நாலையும் நறுக்கி விட்டிருந்தார். ஜாக் கண்ணாடி மாதிரித்தான் இருக்கிறது, உற்றுப் பார்த்தால் கம்பியை எண்ணிவிடலாம். நான் எண்ணுவதற்குள் இரண்டு ரூட்டர் வாங்கியாகிவிட்டது.

வாடகைவீடு (சென்னை):

எங்களுக்கு ரூட்டர் இணைய நிறுவனத்தாரே தந்தார்கள், டெபாசிட் வாங்கிக்கொண்டு. வீடு மாறும்போது திருப்பிக் கொடுக்கப் போனால், அடாப்டர் எங்கே என்று கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். தரும் அன்றைக்கே எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய பாடம் வேறு. பைபர் வாசல் பக்கமாக வந்தது, வந்தவர் வாசலிலேயே ஆணி அடித்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். வாசலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இரும்பு பீரோ. அதற்கு அந்தப் பக்கம் 5 கிகாஹெர்ட்ஸ் எட்டிக்கூடப் பார்க்காது. 2.4 போகும், ஆனால் அடுக்ககத்தில் அண்டை வீடுகளின் வைஃபை பதினேழு தெரிகிறது; அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும் சேனல் 1, 6, 11 என்று மூன்றே. விலை கூடிய ரூட்டர் வாங்கலாம் என்றார் என் கணவர். நான் பத்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி ரூட்டரை மட்டும் நடுக்கூடத்து லாஃப்டுக்கு ஏற்றினேன். பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. துளை போடும் முன்பே ஆளிடம் இடத்தைச் சொல்லிவிடுங்கள், போட்ட பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, புது ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே எழுத்து மாறாமல் வைத்தேன். டிவி, மாமியார் போன், பிரிண்டர் எல்லாம் தானாகவே ஒட்டிக்கொண்டன. அன்றைக்கு மாமியாரிடம் எனக்குக் கிடைத்த மரியாதை தனி.

கேமராவீடு (திருநெல்வேலி):

நான் பஹ்ரைனில் இருக்கிறேன். ஊரில் அம்மா தனியாக இருப்பதால் வாசலில் கேமரா. பழைய இணைப்பில், வெளியிலிருந்து கேமராவை எட்ட ரூட்டரில் வழி திறக்கும் போர்ட் பார்வர்டிங் போட்டு இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுவனம் மாற்றியதும் படம் நின்றது. ரூட்டரில் குறை என்று நினைத்து நல்ல விலையில் ஒன்று வாங்கி, தம்பியை விட்டு மாட்டச் சொல்லி, இரண்டு ராத்திரி போனிலேயே அவனை வாட்டினேன். ரூட்டரின் வேன் முகவரியை, அதாவது நிறுவனம் அதற்குக் கொடுத்த முகவரியைப் படிக்கச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை வந்தால் அது பொது முகவரி இல்லை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டவே முடியாது, எந்த ரூட்டர் வாங்கினாலும். எங்களுக்கென்று தனிப் பொது முகவரி (ஐபி) கேட்டு மாதக் கட்டணம் கட்டுகிறேன். மாறும் முன்பே இதைக் கேட்டிருந்தால் புது ரூட்டர் காசு மிச்சம்.

கரண்ட்கட் (தேனி):

ஒரே வரி. கரண்ட் போனாலும் ரூட்டர் ஓட மினி யுபிஎஸ் வாங்குபவர்கள் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று படித்துவிட்டு வாங்கவும். என் ரூட்டர் 9 வோல்ட், யுபிஎஸ் 12. புகை வந்தது.

எட்டுக்கம்பி (திருச்சி):

பழையமோடம் அண்ணே, அந்த ஏடிஎஸ்எல் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் போன், லேப்டாப்புக்கெல்லாம் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, புது ரூட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டிலேயே செருகினால் வெறும் வைஃபை பெட்டியாக வேலை செய்யும். பின்கட்டுக்குப் போதும்.

பழையமோடம் (மதுரை):

செய்துவிட்டேன் தம்பி. ஆனால் சும்மா நடக்கவில்லை. டிஹெச்சிபியை அணைத்தேன், செருகினேன், வீடு முழுக்க நெட் போய்விட்டது. மகள் உள்ளேயிருந்து "அப்பா, இன்னைக்குத்தான் அசைன்மென்ட் அனுப்பணும்" என்று கத்துகிறாள். பழையதும் புதியதும் இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கின்றன. பழையதை 192.168.1.2 ஆக்கியதும் அடங்கின.

94 ரூட்டர் இப்போது மச்சான் வீட்டில். அவனுடையது 100 எம்பிபிஎஸ் திட்டம், அதற்கு அது போதும், பாதி விலையும் தந்தான். கிகாபிட் போர்ட் உள்ள வேறொன்று வாங்கிவிட்டேன், கம்பியையும் எண்ணிப் பார்த்தேன், எட்டு. கூடத்தில் 190 வருகிறது. பின்கட்டில் பழைய மோடம் 40 தருகிறது. அம்மா அங்கேதான் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார். மழை பெய்தாலும் நிற்பதில்லை.