வடசென்னைக்கு ஓர் அருங்காட்சியகம் வந்தால், அதில் ப்ரொஜெக்டர் வேண்டுமா?

வண்ணை வாசகி

வணக்கம். போன ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்தில் எழுந்த பேச்சு இது. ராயபுரம் பக்கம் பூட்டிக் கிடக்கிற பழைய கிடங்கு ஒன்று கிடைத்தால், வடசென்னை வாழ்க்கையைச் சொல்லும் சின்ன அருங்காட்சியகம் ஒன்றை அதில் தொடங்கலாமே என்றார் ஒருவர். அரசுத் திட்டம் எதுவும் இல்லை, எங்கள் ஆசைதான். என்னென்ன வைக்கலாம் என்று கேட்டதும் ப்ரொஜெக்டர், விஆர் கண்ணாடி, தொடுதிரை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒரு பொருளின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மெட்ரோவில் ஏற்றி, சென்ட்ரலில் வண்டி மாறி, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். வெண்கலக் கூடத்தில் நடராஜர் முன்னால் ஒரு பெண் நின்றுவிட்டாள். மற்றவர்கள் அடுத்த அறைக்கே போய்விட்டார்கள். "மிஸ், எல்லாரும் தூக்கின காலத்தான் பாக்குறாங்க. கீழ இருக்குற கால்தான் மொத்த கனத்தையும் தாங்குது" என்றாள். அந்த முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் நானும் கவனித்தேன். எத்தனை முறை போயிருப்பேன் அங்கே!

அதே பிள்ளைகளோடு வேறொரு ஊரில், திரைகள் நிறைந்த ஓர் அருங்காட்சியகத்துக்கும் போனேன். பெயர் வேண்டாம். பத்துத் திரைகளில் நான்கு அணைந்து கிடந்தன. எரிந்த திரைகளைச் சுற்றி முண்டியடித்தார்கள். பல நூறு வருஷத்துச் சிலை ஒன்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒருவன் தன் பையை அதன் பீடத்தில் சாய்த்து வைத்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எதைப் பார்க்க வேண்டும் என்று அந்த அறையே அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரருக்கு வருஷம் முழுக்கக் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் திறப்பார்கள். திரையில் காட்டினால் போதும் என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை, போய் வரிசையில் நிற்கிறோம். நேரில் பார்ப்பது என்பது வேறு. எங்கள் அருங்காட்சியகத்தில் பொருள் இருக்கட்டும், அதைப் பற்றிச் சொல்ல ஒரு மனிதர் இருக்கட்டும். ப்ரொஜெக்டர் வேண்டாம்.

பிக்சல் வியாசை

டீச்சர், வரிசையில் நிற்க முடிந்தவர்களுக்கு அது சரி. நான் முப்பரிமாண ஸ்கேன் வேலை செய்கிறவன், வியாசர்பாடிப் பையன். ஆம்ஸ்டர்டாம் போக எனக்கு வழியில்லை. ஆனால் அங்கே ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை என் போனில் பார்த்திருக்கிறேன். 8,439 புகைப்படங்களைச் சேர்த்து 717 கிகாபிக்சல் (அதாவது 71,700 கோடி புள்ளிகள் கொண்ட) படமாக 2022-இல் இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். பெரிதாக்கிக்கொண்டே போனால் வண்ணத்தில் விழுந்த மயிரிழை வெடிப்பு வரை தெரிகிறது. நேரில் போனாலும் அவ்வளவு கிட்டத்தில் யாரும் விடமாட்டார்கள்.

இன்னொன்று. 1642-இல் வரைந்த அந்த ஓவியத்தை 1715-இல் ஒரு சுவரில் பொருத்துவதற்காக நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் கிடைக்கவே இல்லை. வெட்டுவதற்கு முன்பே வேறொரு ஓவியர் எடுத்த சின்ன நகல் இருந்தது. அதை வைத்து, செயற்கை நுண்ணறிவால் ரெம்பிராண்டின் பாணியில் விடுபட்ட பாகங்களை உருவாக்கி, 2021-இல் மூல ஓவியத்தைச் சுற்றிச் சில மாதம் மாட்டி வைத்தார்கள். மூலத்தின் மேல் ஒரு சொட்டு வண்ணம்கூடப் படவில்லை. தொழில்நுட்பம் கலையை மதிக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பழைய மோல்டர்

திருவொற்றியூரில் பவுண்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முப்பத்தோரு வருஷம் மணல் அச்சு கட்டினேன். இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்.

அந்த நடராஜரே தொழில்நுட்பம்தான். தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் சேர்த்து உருவம் பிடிப்பார்கள். அதன் மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மேலே மேலே மண் ஏற்றி, கம்பி கட்டி, சுட்டு மெழுகை வடித்துவிடுவார்கள். அந்தக் காலியிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சோழர் சிலைகளில் பெரும்பாலானவை உள்ளே பொள்ளல் இல்லாத கட்டி வார்ப்பு. தூக்கிய கால் நுனிக்கும் திருவாசி வளையத்துக்கும் உலோகம் உறைவதற்குள் போய்ச்சேர வேண்டும், காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். எங்கள் வேலையில் ஒரு பம்ப் மூடியே மூன்று தடவை சரியாக வராமல் கழிந்துபோகும். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், ஆக ஒரு மெழுகுக்கு ஒரே சிலை. சரியாக வரவில்லை என்றால் முதலிலிருந்துதான்.

இதில் ஒரு வரிகூட அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே எழுதியிருப்பதில்லை. எந்த ஊர், எந்த நூற்றாண்டு, அவ்வளவுதான். எனக்கு ஒரு திரை வேண்டும் தங்கச்சி. உலோகம் எந்தப் பக்கமாக உள்ளே போனது என்று காட்டுகிற திரை. அதைப் பார்த்துவிட்டு உன் மாணவி திரும்பவும் அந்தக் காலைப் பார்க்கட்டும்.

எழும்பூருக்கு அறிவியல் புதிதும் இல்லை. அங்கே ரசாயனக் கூடம் 1930-களிலிருந்து இருக்கிறது. வெண்கலத்தைப் பச்சைப் பொடியாக அரிக்கிற நோய்க்கு மின்பகுப்பு முறையில் அப்போதே வைத்தியம் பார்த்தார்கள். அந்த வேலை நடக்காமல் இருந்திருந்தால் நாம் இன்று பார்க்கிற சிலைகளில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

வண்ணை வாசகி

மோல்டர் அண்ணா, நீங்கள் சொன்னதை வகுப்பில் படித்துக் காட்டப் போகிறேன். நன்றி.

தம்பி வியாசை, நீ சொன்ன இரண்டும் ஆவண வேலை. படம் எடு, அளந்து வை, ஸ்கேன் செய், எல்லாம் செய்யலாம். பொருளுக்குப் பதிலாகத் திரையை நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பிக்சல் வியாசை

ஆவணம் வேறு, காட்சி வேறு என்று கோடு போட்டுவிட முடியாது டீச்சர். ஸ்ரீபுரந்தான் நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து திருடி, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 2008-இல் விற்றார்கள். விலை ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். அது நம்முடையது என்று நிறுவ உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்து வைத்திருந்த புகைப்படம். 1950-களிலிருந்து அவர்கள் கோயில் கோயிலாகப் போய் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருக்கிறார்கள். 2014-இல் சிலை திரும்பி வந்தது. ஆவணம் என்று அலமாரியில் கிடந்த படம் ஒருநாள் உலகத்தின் முன்னால் காட்சிக்கு வந்தது இல்லையா?

2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் ஒரே ராத்திரியில் எரிந்தது. சுமார் இரண்டு கோடி பொருட்கள் கொண்ட சேகரிப்பு, பெரும்பகுதி சாம்பல். முன்பே ஸ்கேன் செய்திருந்த சிலவற்றுக்கு மட்டும் உருவம் மிஞ்சியது. நம் கிடங்கில் ஷார்ட் சர்க்யூட் ஆகாது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

பெரம்பூர் வயர்மேன்

ப்ரொஜெக்டர் மாட்டுகிறவன் நான். என் தொழிலுக்கு எதிராகவே பேசுகிறேன்.

விளக்கு வைத்த ப்ரொஜெக்டர் சில ஆயிரம் மணி நேரம்தான் தாங்கும். லேசர் வாங்கினால் இருபதாயிரம் மணி நேரம் என்பார்கள். கடலுக்கு இவ்வளவு கிட்டே அந்தக் கணக்கு நிற்காது. உப்புக் காற்றில் போர்டு பூத்துவிடும், ஃபில்டரை வாராவாரம் துடைக்க வேண்டும். துடைக்க யாருக்குச் சம்பளம்? திறப்பு விழாவுக்குப் பணம் வரும், மூன்றாவது வருஷப் பராமரிப்புக்கு வராது. டீச்சர் பார்த்த நான்கு அணைந்த திரைகளும் அப்படி அணைந்தவைதான். நான் போய்ப் பார்க்காமலே சொல்வேன்.

கொரியாவில் நாம்-ஜூன் பைக் என்ற கலைஞர் 1,003 பழைய குழாய் டிவிக்களை அடுக்கி 1988-இல் ஒரு கோபுரம் செய்தார். சூடேறி ஆபத்து என்று 2018-இல் அணைத்தார்கள். டிவிக்களைப் பழுது பார்த்து, முடியாதவற்றை மாற்றி, மறுபடி ஏற்ற 2022 ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய தேசிய அருங்காட்சியகத்துக்கே நான்கு வருஷம்.

இன்னொன்றும் யோசியுங்கள். நம்மிடம் வரப்போவது பழைய போட்டோ, துணி, காகிதம். என் தாத்தாவின் பின்னி மில் அடையாள அட்டை வீட்டில் இருக்கிறது. 1918-இல் இதே பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, அதைப் பற்றித் தாத்தா நிறையச் சொல்வார். அந்த அட்டையை நான் கொடுத்தால் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்டக்கூடாது. காகிதத்துக்கும் துணிக்கும் அதுதான் வழக்கமான அளவு. பக்கத்துச் சுவரில் ப்ரொஜெக்டர் கொட்டுகிற ஒளியில் மை வெளிறிவிடும்.

பிக்சல் வியாசை

அண்ணே, பராமரிப்பு விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் யார் வருவார்கள் என்பதையும் பாருங்கள். பாரிஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இரும்பு வார்ப்படச் சாலை ஒன்றை 2018-இல் ஒளிக்கூடமாக மாற்றினார்கள். கிளிம்ட்டின் ஓவியங்களைச் சுவர், தரை எல்லாம் ஓடவிட்டார்கள். மோல்டர் ஐயா, உங்கள் பவுண்டரி மாதிரி இடம்தான் அது. டோக்கியோவில் டீம்லேப் என்ற கலைக்குழு திறந்த ஒளி அருங்காட்சியகத்துக்கு முதல் வருஷமே சுமார் 23 லட்சம் பேர் போனார்கள். ஓவியக்கூடம் நமக்கான இடம் இல்லை என்று வாசலிலேயே திரும்புகிற என் நண்பர்கள் அப்படி ஒரு இடத்துக்கு வருவார்கள். நானே பதினெட்டு வயசு வரை எழும்பூருக்குள் நுழைந்ததில்லை. செருப்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

காசிமேடு கயல்

தம்பி, அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதற்கு வழி வெளிச்சம் போடுவதா? உள்ளே போனால் நம்முடைய சாமான் இருக்க வேண்டும், நம்மவர் ஒருவர் இருக்க வேண்டும்.

எங்கள் வீடு மூன்று தலைமுறை கடல் தொழில். அருங்காட்சியகம் என்றால் எல்லாரும் கட்டுமரம் வைக்கலாம் என்பார்கள். மெருகு போட்டு, ஆணியடித்து, மேடையில் நிறுத்துவார்கள். அது கட்டுமரமே இல்லை. கடலுக்குப் போகும்போது கட்டுவோம், வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் கரையில் காயப்போடுவோம். அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் கரையில் இப்போது எல்லாம் பைபர் படகு. அந்தக் கட்டைக் கட்டத் தெரிந்தவர் எங்கள் தெருவில் என் மாமா ஒருவர்தான். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்குப் பெயர். எதை எப்படிப் பார்த்துச் சொல்வது என்பது அவர் கண்ணிலும் காலிலும் இருக்கிறது. மரத்தைக் கண்ணாடிக்குள் வைத்தால் இதில் எது மிஞ்சும்?

அதனால் டீச்சர் சொல்கிற 'பொருள் போதும்' என்பதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. முடிச்சு போடுகிற கையைப் படம் பிடித்தாக வேண்டும். குரலைப் பதிவு செய்தாக வேண்டும். இன்னும் பத்து வருஷம் கழித்து யோசித்தால் கேட்க ஆள் இருக்காது.

ஒன்று மட்டும் வேண்டாம். பெங்களூர் கலை அருங்காட்சியகம் ஒன்றில் இறந்துபோன ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் உருவத்தைச் செயற்கை நுண்ணறிவால் பேசவைத்து, நாம் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வைத்திருக்கிறார்கள். அவர் பெரிய மனிதர், பேசிய பேச்சு, கொடுத்த பேட்டி ஏராளம். என் மாமா காலத்துக்குப் பிறகு அவர் குரலில் அவர் சொல்லாததை யாரோ சொல்வது எனக்குத் தாங்காது. புயல் வருமா என்று ஒரு பிள்ளை கேட்டு, அந்தப் பொம்மை தப்பாகச் சொன்னால் அந்தப் பழி யார் மேல்?

வண்ணை வாசகி

கயல், இதை நான் யோசிக்கவே இல்லை. பொருள் என்று நான் சொன்னபோது என் மனதில் இருந்தது சிலை. சிலையை வார்த்த கை போய் ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது, அதனால் எனக்கு அந்தக் கையின் நினைப்பே வரவில்லை. கட்டுமரத்துக்கு அந்தக் கை இன்னும் இருக்கிறது. பதிவு செய்வதில் எனக்கு இனி மறுப்பு இல்லை. சொல்லாததைச் சொல்லவைப்பதில் உங்கள் பக்கம்தான் நானும்.

பிக்சல் வியாசை

அதில் நானும்தான் அக்கா. உருவாக்கியது எது, உண்மை எது என்று பக்கத்திலேயே எழுதி வைக்காத வேலையை நான் தொட மாட்டேன்.

டீச்சருக்கு ஒன்று கேட்கிறேன். 2015-இல் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகம் ஆறு ஓவியங்களை மேடு பள்ளமாக அச்சிட்டு, கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் பார்க்க வைத்தது. உங்கள் வகுப்பில் பார்வையில்லாத பிள்ளை இருந்தால், நடராஜரின் அந்த முட்டி மடிப்பை எப்படிக் காட்டுவீர்கள்?

வண்ணை வாசகி

காட்ட முடியாது. நகல் வேண்டும். இதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை.

பழைய மோல்டர்

நகலை பிளாஸ்டிக்கில் அச்சிடாதே தம்பி. நீ ஸ்கேன் எடுத்து மாதிரி கொடு, நான் அலுமினியத்தில் வார்த்துத் தருகிறேன். தொட்டால் உலோகத்தின் குளிர்ச்சி தெரிய வேண்டும். பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் இன்னும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார்கள், உலை கிடைக்கும்.

பெரம்பூர் வயர்மேன்

ஒரு வழி சொல்கிறேன். பொருள் இருக்கிற அறையில் ப்ரொஜெக்டர் கிடையாது. வெளியே தனி அறையில் ஒரு சாதாரணத் திரை, ஒரு ஸ்பீக்கர், பழுதானால் ரிச்சி தெருவில் உதிரி கிடைக்கிற சாமான்களாக மட்டும்.

பிக்சல் வியாசை

எனக்கு அது போதாது. ராத்திரி நேரத்தில் கிடங்கின் வெளிச்சுவரில் படம் ஓட்டினால் தெருவே பார்க்கும், டிக்கெட்டும் வேண்டாம், செருப்புப் பயமும் வேண்டாம். இதை நான் விடப் போவதில்லை, அடுத்த கூட்டத்தில் கேட்பேன்.

வண்ணை வாசகி

கேள். நானும் எதிர்த்துப் பேசுவேன். ஆனால் அதுவரை மாமா காத்திருக்க வேண்டாம். கயல், எப்போது வரலாம்?

காசிமேடு கயல்

ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் வாருங்கள், வெயில் ஏறினால் அவரால் உட்கார முடியாது. மரம் நாலும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, கயிறு நான் வாங்கி வைக்கிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், பிடிக்கக் கை வேண்டும். வியாசைத் தம்பி, மைக்கை மாமாவின் இடது பக்கம் வைத்துக்கொண்டு நீயும் அங்கேயே உட்கார். வலது காது அவருக்குக் கேட்காது. கேட்காத பக்கம் உட்கார்ந்தால் பாதியில் பேச்சை நிறுத்திவிடுவார்.