கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலையை நம்பி இறங்கலாமா?

அல்சூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் எம்.காம். இறுதியாண்டு படிக்கிறேன். பள்ளி நாள் முதலே கூடைப்பந்து ஆடுகிறேன். பல்கலைக்கழக அணிக்காகத் தென்மண்டலப் போட்டியிலும் ஆடியிருக்கிறேன். இங்குள்ள தனியார் கல்லூரி ஒன்று, வரும் ஜூன் முதல் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகச் சேரும்படி அழைத்திருக்கிறது. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். சென்ற முறை அணி முதல் சுற்றிலேயே தோற்றதால் முன்பிருந்தவரை அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்பா வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். அமெரிக்காவில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஒரே இடத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் இருந்து பெயரெடுக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு வாழ்க்கை அமையுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஜெயநகர் பெரியவர்:

வாழ்த்துகள், மகளே. இந்நகரக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உடற்கல்வி இயக்குநர் என்பது பல்கலைக்கழக மானியக் குழு தகுதியும் ஊதிய விகிதமும் வகுத்திருக்கும் பதவி. பயிற்சியாளர் என்பதோ பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரி தன் வசதிக்கேற்ப அமர்த்திக்கொள்ளும் வேலை. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது. சேருங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். முதலாவதற்கு உடற்கல்வியில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு முதுகலைப் பட்டம், நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி, போட்டிகளில் ஆடிய சான்று, உடற்தகுதித் தேர்வு ஆகியவை வேண்டும். எம்.காம். அதற்கு உதவாது, உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். இரண்டாண்டு, அதன் முதுகலையான எம்.பி.எட். இரண்டாண்டு என்று நான்காண்டு ஒதுக்கத்தான் வேண்டும். தென்மண்டலச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அமெரிக்காவில் ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்து தொலைக்காட்சி உரிமத்தில் பணம் கொழிக்கும் பெருந்தொழில் என்பதால் சம்பளத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. அவர்கள் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். பாட் சம்மிட் 1974இல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியை ஏற்றபோது அவருக்கு வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். சீருடைகளைத் துவைத்ததும், வெளியூர்ப் போட்டிகளுக்கு வேன் ஓட்டியதும் அவரேதான். முதல் தேசியப் பட்டம் 1987இல்தான் கிடைத்தது; 2012இல் விலகும்போது எட்டுப் பட்டங்களும் 1,098 வெற்றிகளும் அவர் கணக்கில் இருந்தன. 1980இல் டியூக் பல்கலைக்கழக ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்த மைக் ஷஷெஃப்ஸ்கியின் மூன்றாம் பருவத்தில் 11 வெற்றி, 17 தோல்வி. அவரை நீக்கச் சொல்லி எழுந்த குரல்களுக்கு நிர்வாகம் அசைந்துகொடுக்கவில்லை. 1991இல் முதல் பட்டம் வந்தது, 2022இல் ஓய்வுபெறும்போது ஐந்து ஆகியிருந்தது. முதல் சுற்றுத் தோல்விக்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நிர்வாகங்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நான் மிகவும் மதிப்பவர் யூசிஎல்ஏ எனப்படும் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜான் வுடன். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1948இல் அங்கே சேர்ந்து, 1964 முதல் 1975 வரை பத்துப் பட்டங்கள் வென்றார். அவருடைய கடைசிப் பருவத்தில் தார்ப், கலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்ந்து, பயிற்சியின்போது அவர் சொன்னதையும் செய்ததையும் குறித்துக்கொண்டார்கள். பதிவான 2,326 குறிப்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விளக்கம்தான். பாராட்டும் சரி, கண்டிப்பும் சரி, தனித்தனியே ஏழு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. பருவத் தொடக்கத்தில் காலுறையைச் சுருக்கமில்லாமல் போடவே அவர் சொல்லிக்கொடுப்பார்; சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி கெடும்.

நம் பிள்ளைகளுக்கும் தேவைப்படுவது இத்தகைய கற்பித்தல்தான். முதலாண்டு மாணவிகள் பலர் ஓட்டத்தில் பந்தைப் பிடித்ததும் நிற்க முடியாமல் இரண்டடி கூடுதலாக வைத்து, பந்தைத் தட்டாமல் நடக்கும் 'டிராவலிங்' என்ற விதிமீறலைச் செய்துவிடுவார்கள். 'கவனம், கவனம்' என்று கத்துவதால் அது திருந்தாது. பந்தே இல்லாமல் ஓடவிட்டு, விசில் கேட்டதும் முழங்காலை மடக்கி இரண்டு பாதங்களும் ஒரே சத்தமாகத் தரையில் பதியும்படி நிற்கப் பழக்குங்கள். சத்தம் இரண்டாகக் கேட்டால் திரும்ப ஓடச் சொல்லுங்கள். அது கைவந்த பிறகு பந்தைக் கொடுங்கள்.

பானஸ்வாடி பயிற்சியாளர்:

ஐயா சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. உடற்கல்வி இயக்குநர் ஆனபின் கிரிக்கெட் முதல் கேரம் வரை எல்லா அணிகளும், ஆண்டு விளையாட்டு விழாவும், கோப்புகளும் அவர் தலையில்தான் விழுகின்றன. கூடைப்பந்துக்கு மிஞ்சும் நேரம் குறைவு. சகோதரி, உங்கள் மனம் பயிற்சியளிப்பதில்தான் இருக்கிறது என்றால், பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயத்தையும் எண்ணிப் பாருங்கள். அரசு விளையாட்டுத் துறைப் பணிகளுக்கு அதற்கென்று தனி மதிப்பு உண்டு. 2017இல் நம் கண்டீரவா உள்ளரங்கில் இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பையின் பி பிரிவை வென்றார்கள். ஆனாலும் இங்கே பெண்கள் அணிகளுக்குப் பெண் பயிற்சியாளர்கள் இன்னும் போதவில்லை என்பது என் எண்ணம்.

கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் பன்னிரண்டு மாதத்துக்கா, கோடையைக் கழித்துப் பத்து மாதத்துக்கா? ஆடுகளம் எந்த நேரங்களில் உங்களுக்குக் கிடைக்கும்? போட்டியில் மாணவிக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? அணித் தேர்வில் இறுதிச் சொல் யாருடையது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் சேர்ந்து மனம் நொந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அல்சூர் வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. கல்லூரி அனுப்பிய ஒப்பந்த வரைவில் கோடை மாதங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கேட்கிறேன். வேலையோடு பி.பி.எட். படிக்க முடியுமா, ஐயா? அப்பாவுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

ஜெயநகர் பெரியவர்:

பி.பி.எட். முழுநேரப் படிப்பு, வருகைப்பதிவும் கட்டாயம். வேலையின் முதல் ஆண்டில் அணியை மட்டும் கவனியுங்கள். மறு ஆண்டு படிப்பில் சேரும்போது, பயிற்சியை மாலைக்கு மாற்றித்தரக் கல்லூரி ஒப்புக்கொள்கிறதா என்று இப்போதே பேசிவைப்பது நல்லது. அப்பாவிடம் ஊதியத்தைச் சொல்லுங்கள். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிந்தைய பல்கலைக்கழக மானியக் குழு விகிதப்படி, கல்லூரி உடற்கல்வி இயக்குநருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் தொடக்க அடிப்படை ஊதியம் ஒன்றேதான், 57,700 ரூபாய்.