பாசிக்குடா கெஸ்ட் ஹவுஸ்: 7 வைஃபை ஏபியை (அக்சஸ் பொயின்ட்) ஒரே இடத்தில இருந்து மனேஜ் பண்ண என்ன வழி?

கபானா_நெட்:
ரெண்டு மாடிக் கட்டிடம், பின்னால 3 கபானா. 7 டிபி-லிங்க் ஒமாடா ஏபி, 8 போட் பிஓஇ சுவிட்ச் (நெட் கேபிளாலேயே கரண்டும் குடுக்கிறது). பாஸ்வேர்ட் மாத்த ஏழுக்கும் தனித்தனியா லொகின் பண்ணவேண்டிக் கிடக்கு. லப்டொப்பில கொன்ட்ரோலர் (எல்லா ஏபியையும் சேர்த்து நடத்துற சொஃப்ட்வெயார்) போட்டன், எல்லாம் சேர்ந்தது. அடுத்த நாள் ‘டிஸ்கனெக்டட்’ எண்டு காட்டுது, ஆனா வைஃபை ஓடுது. ஏன் அண்ணாமார்?

வாவிக்கரை:
தம்பி, ஆக்கள் பாவிக்கிற டேட்டா கொன்ட்ரோலரால போறதில்ல. செட்டிங் ஏபிக்குள்ளயே கிடக்கும், அதான் ஓடுது. லப்டொப்புக்கு டிஎச்சிபி (ரூட்டர் தானா ஐபி விலாசம் குடுக்கிற முறை) வேற ஐபி குடுத்திருக்கும், இல்லாட்டி லப்டொப் தூங்கியிருக்கும். ரூட்டரில அதுக்கு ஐபியை ரிசேர்வ் பண்ணுங்க. லப்டொப் ஃபயர்வோலில யூடிபி 29810, டிசிபி 29814 போட் ரெண்டும் திறந்திருக்கோணும். கொன்ட்ரோலர் வேற சப்நெட்டில (வேற ஐபி வட்டத்தில) எண்டா ஏபி தானாத் தேடிக் கண்டுபிடிக்காது, டிஎச்சிபி ஒப்ஷன் 138இல ஐபியைக் குடுக்கோணும்.

கெஸ்டுக்கு வவுச்சர், லொகின் பக்கம் வைக்கிறதெண்டா கொன்ட்ரோலர் எந்நேரமும் ஓடோணும். அதுக்கு லப்டொப் சரிவராது, ஓசி200 (ஒமாடாட சின்னக் கொன்ட்ரோலர் பெட்டி) போதும். சுவிட்ச்சில போட் மிச்சமில்லாட்டி ரூட்டரில குத்தி, மைக்ரோ யூஎஸ்பியால பவர் குடுக்கலாம். திடீரெண்டு கரண்ட் போனா டேட்டாபேஸ் பழுதாகலாம், ஓட்டோ பெக்கப் போட்டு வையுங்க. மைக்ரோடிக் கெப்ஸ்மேன், யூனிஃபை மாதிரி வேற கம்பனிக் கொன்ட்ரோலர் எல்லாம் நல்லதுதான், ஆனா ஒண்டு மற்றதுட ஏபியை எடுக்காது.

கல்முனை_கேபிள்:
முதல்ல சுவிட்ச்சிட பிஓஇ பட்ஜெட்டை (மொத்தம் எத்தினை வாட் குடுக்கும் எண்டு) பாருங்க. ஏபி ஒண்டு உச்சத்தில 12 வாட் எண்டா ஏழுக்கு 84. 60 வாட் சுவிட்ச் எண்டா ஆள் கூடுற நேரம் ஏபி ரீபூட் ஆகும், பழியை கொன்ட்ரோலர்ல போடுவாங்க.

2.4 கிகாஹேர்ட்ஸில சனல் 1, 6, 11 மட்டும், அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். பவரை ‘ஹை’யில விடாதீங்க. ஏபி கத்துறது ஃபோனுக்குக் கேக்கும், ஃபோன் சொல்லுறது ஏபிக்குக் கேக்காது. ஃபோனும் தூரத்து ஏபியை விடாமப் பிடிச்சிருக்கும். மீடியத்தில வைச்சு, சிக்னல் எல்லையை (அதுக்குக் கீழ போனா ஏபி ஃபோனைக் கழட்டிவிடும்) மைனஸ் 75 டிபிஎம்மில தொடங்குங்க.

கபானாவுக்குப் போற கேபிள் தனிச் செம்பா? செம்புப் பூச்சு அலுமினியம் எண்டா தூரத்தில வோல்ட் விழும். உப்புக் காத்துக்கு வெளிய இருக்கிற ஆர்ஜே45 (கேபிள் முனைக் கிளிப்) பச்சை பிடிக்கும். கிளாண்ட் (கேபிள் போற ஓட்டையில தண்ணி புகாத மூடி) போட்டு, வயரைக் கீழ தொங்கவிட்டு வளைச்சு மேல ஏத்துங்க, மழைத்தண்ணி வளைவிலேயே சொட்டிப் போகும்.

கபானா_நெட்:
ஓசி200 எடுக்கிறன். கெஸ்டுக்கு விலேன் 20 (அதே வயரில பிரிச்ச தனி நெட்வேர்க்) குடுத்தா ஃபோன் ‘ஐபி எடுக்கிறது’ எண்டு நிக்குது.

வாவிக்கரை:
எஸ்எஸ்ஐடியில (வைஃபை பேரில) மட்டும் போட்டிருப்பீங்க. சுவிட்ச்சில ஏபி போட், ரூட்டருக்குப் போற போட் ரெண்டிலயும் 20ஐ டேக் பண்ணுங்க, மனேஜ்மென்ட் நெட்வேர்க் டேக் இல்லாமலே இருக்கட்டும். மறுகா ரூட்டரில 20க்குத் தனி டிஎச்சிபி இருக்கா எண்டு பாருங்க.