பொருள்: மெயில் க்யூ அலர்ட் ஸ்கிரிப்ட் – தமிழில்? (அவசரம்)

குழுமத்தாருக்கு வணக்கம்.

மின்னஞ்சல் வழங்கி (சர்வர்) பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஓர் இயல் மட்டும் இழுக்கிறது: அனுப்பக் காத்திருக்கும் மடல்கள் க்யூவில் குவிந்தால் நிர்வாகிக்குத் தானாகத் தகவல் அனுப்பும் சிறு நிரல், அதாவது ஸ்கிரிப்ட். 'வார்னிங்'குக்கு 'எச்சரிக்கை' என்று முன்பே போட்டுவிட்டதால் 'அலர்ட்'டுக்கு அது கிடையாது. 'வரிசை'யை 'ஆர்டர்', 'சீக்வென்ஸ்' இரண்டுக்கும் செலவழித்தாயிற்று. கைகொடுங்கள்.

– க.

----------

'சாரை' இருக்கக் கவலை ஏன்? எறும்பு சாரை சாரையாகப் போகிறது என்று சொல்லாத தமிழர் உண்டா? சார், சாரி, சாரை: ஒன்றைச் சார்ந்து ஒன்று நிற்பது.

அலர்ட் ஸ்கிரிப்டுக்குக் குறிஞ்சிப்பாட்டிலேயே சொல் கிடக்கிறது. தினைப்புனம் காத்த மகளிர் கையில் தழல், தட்டை, குளிர் என்று கிளிகடி கருவிகள். தட்டை என்பது மூங்கிலால் செய்தது. தட்டினால் ஓசை எழும். காவல் இருந்து ஓசை எழுப்புவதுதானே உங்கள் ஸ்கிரிப்டின் வேலையும்? 'அஞ்சற்சாரைத் தட்டை' என்று ஆளுங்கள்.

– பு.

----------

> அஞ்சற்சாரைத் தட்டை

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'தட்டைத் திரை' என்று படித்து வளர்ந்த பிள்ளைகள் இதை என்னவென்று நினைப்பார்கள்? தவிர, தட்டை கிளியை ஓட்டியது. எங்கள் ஸ்கிரிப்ட் எதையும் ஓட்டுவதில்லை. தூங்குகிறவனை எழுப்புவதோடு சரி.

சாரையும் பொருந்தாது. எறும்பு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மடல் அப்படிப் போவதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மின்னஞ்சல் வழங்கி மென்பொருளில் உள்ளே வருபவை, அனுப்பப்படுபவை, தள்ளிவைத்தவை, நிறுத்திவைத்தவை என்று தனித்தனிக் கிடங்குகள். மடலைப் பெற வேண்டிய எதிர்முனை வழங்கி 4இல் தொடங்கும் பிழைக்குறி தந்தால் மடல் தள்ளிவைத்தவற்றோடு சேரும். 5இல் தொடங்கினால் அனுப்பியவருக்கே திரும்பும். தள்ளிவைத்ததை 300 முதல் 4000 நொடி வரை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். நாம் எதையும் மாற்றாவிட்டால் 5 நாளில் கைவிடும். இதற்கிடையில் பின்னால் வந்த மடல் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கும்.

– செ. (வழங்கி பார்ப்பவன்)

----------

அப்படியானால் அது 'தேக்கம்'. தேங்கி நிற்பதால் தேக்கம். அகராதி புரட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் புரியும்.

– ம.

----------

> அப்படியானால் அது 'தேக்கம்'

அம்மா, பாதி சரி. தேக்கம் என்றாலே கோளாறு. க்யூ இருப்பது கோளாறு அல்ல. செய்திமடல் ஒன்றை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பினால் க்யூ வீங்கும், சிறிது நேரத்தில் வடிந்துவிடும். அதற்கெல்லாம் ஸ்கிரிப்ட் கத்தினால் ஒரு வாரத்தில் நிர்வாகி அதன் வாயைக் கட்டிவிடுவார். தள்ளிவைத்தவை வடியாமல் ஏறிக்கொண்டே போவதுதான் நோய். தளப்பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் பதில் தரவில்லை, எதிர்முனை நம்மைத் தடுத்துவிட்டது, திருட்டுப்போன கடவுச்சொல்லை வைத்து எவரோ குப்பைமடல் அனுப்புகிறார் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். ஸ்கிரிப்ட் எண்ணுவது வரிசையை. கண்டு சொல்வது தேக்கத்தை. எல்லாவற்றையும் தேக்கம் என்றால், க்யூ காலியாக இருக்கையில் மெயில்க்யூ கட்டளை தரும் நல்ல செய்தியை எப்படி எழுதுவீர்கள்? 'தேக்கம் காலி' என்றா? 'சீக்வென்ஸ்'சுக்குத் 'தொடர்' போட்டுவிட்டு வரிசையை மீட்டுக்கொள்ளுங்கள்.

– செ.

----------

இவ்வளவு பாடு எதற்கு? 'க்யூ' என்றே எழுதினால் என்ன? கடைநிலைப் பயனர் வரை தெரிந்த சொல்.

– இ.

----------

> 'க்யூ' என்றே எழுதினால் என்ன?

மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது. இது பள்ளிப் பாடம்.

– பு.

----------

சரி, 'கியூ' என்று எழுதுகிறேன். வடவெழுத்தை நீக்கி எடுத்தாளலாம் என்று தொல்காப்பியரே எச்சவியலில் வழிவிட்டிருக்கிறார்.

– இ.

----------

அவர் வழிவிட்டது வடசொல்லுக்கு. வேண்டுமானால் திசைச்சொல்லில் சேர்க்கப் பாருங்கள். செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தில் இங்கிலாந்து எந்தப் பக்கம் இருந்தது என்று காட்டினால் ஒப்புக்கொள்கிறேன்.

– பு.

----------

நேரமில்லை, நண்பர்களே. இதுவரை வந்த மடல்களை வைத்து: க்யூ – மடல் வரிசை. அது வடியாமல் நிற்பது – தேக்கம். அலர்ட் – விழிப்பூட்டல். ஸ்கிரிப்ட் – குறுநிரல். மொத்தமாக, 'விழிப்பூட்டு குறுநிரல்'. மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள்.

– க.

----------

சொல்லில் மறுப்பில்லை. ஆனால் மூல நூலின் எடுத்துக்காட்டில் குறுநிரல் அதே வழங்கி வழியாகவே விழிப்பூட்டல் மடலை அனுப்புகிறது! வரிசை தேங்கியிருக்கும்போது அந்த மடலும் அதே வரிசையில்தான் போய் நிற்கும். குறுஞ்செய்தியாகவோ வேறு வழங்கி வழியாகவோ அனுப்பச் சொல்லி அடிக்குறிப்பு போடுங்கள். கத்தத் தொடங்கும் எண்ணைவிட ஓயும் எண் குறைவாக இருக்கட்டும் என்பதையும் சேருங்கள். இரண்டும் ஒன்றானால் எல்லையில் ஊசலாடி நிமிடத்துக்கு ஒரு முறை கத்தும்.

– செ.

----------

'விழிப்பூட்டுக் குறுநிரல்' என்று க் இட வேண்டும். 'ஊட்டு' வன்தொடர்க் குற்றியலுகரம். எட்டுத்தொகை, பாட்டுப் பாடினாள் எல்லாம் மிகுகின்றனவே.

– ம.

----------

> க் இட வேண்டும்

விழிப்பை ஊட்டிய, ஊட்டுகின்ற, ஊட்டும் நிரல். வினைத்தொகை, மிகாது.

– இ.

----------

கியூ கேட்டவர் வினைத்தொகை பேசுகிறார்! ஊட்டு என்பதை முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டால் மிகும்.

– ம.

----------

ஒற்று மிகுமா, மிகாதா என்று நீங்கள் அடித்துக்கொள்கையில்தான் உறைத்தது. ஒற்று! மறைந்திருந்து பார்த்து வந்து அரசனிடம் சொல்வது. வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அலர்ட் ஸ்கிரிப்டுக்கு 'மடலொற்று' என்றால்?

– பு.

----------

ஐயா, கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. இரண்டு ஒற்றும் இல்லாமல்.

– க.

----------

பிழையோடு போயிருக்கிறது என்று பதிவுசெய்கிறேன்.

– ம.