கும்பகோணத்து வீட்டை விற்றுவிட்டு அப்பா அம்மாவைக் கோவைக்குக் கூட்டிப் போகலாமா?

காவிரிக்கரை மகள்:
அப்பாவுக்கு 81, அம்மாவுக்கு 76. கும்பகோணத்தில் மூன்று கட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அப்புறம் சமையற்கட்டு, கிணற்றடி, கொல்லை. கழிப்பறை கொல்லைக் கடைசியில். கார்த்திகையில் ஒரு விடியற்காலை அப்பா முற்றத்துப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இடுப்பு தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்ததால், அம்மா போட்ட சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துத்தான் உள்ளே வர முடிந்தது.

நான் சென்னையில், அண்ணன் டாலஸில். வீட்டை விற்று, கோவைப் பக்கம் மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கி இருவரையும் அங்கே குடிவைக்கலாம் என்கிறார் அண்ணன். அப்பா "உங்கள் இஷ்டம்" என்கிறார். அம்மா, பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறார். அடுத்த மாதம் அண்ணன் வருகிறார், அந்த மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டுமாம். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர் மகன்:
சகோதரி, உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. நான் தள்ளிப் போட்டுக் கெட்டவன். எங்களுடையது திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமம். "இந்தப் பொங்கல் போகட்டும், அந்தச் சித்திரை போகட்டும்" என்றே நான்கு வருடம் ஓடியது. ஒரு ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத் திணறல். 108 வந்தது, ஆனால் பக்கத்து ஊரில் இதய டாக்டர் இல்லை, தஞ்சாவூருக்கு எடுத்துப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு அம்மாவைத் தனியாக இங்கே சென்னைக்குக் கூட்டி வந்தேன். இரண்டு பேராக வந்திருக்க வேண்டியவர்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்துவிட்டது. அடுத்த தடவை மணிக்கட்டோடு நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? மூன்று கட்டு வீட்டில் நாட்டு ஓடு மாற்ற ஆளும் கிடைப்பதில்லை. விலை இருக்கும்போதே விற்றுவிடுங்கள். வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு இப்போதே செட்டில்மெண்ட் எழுதி வாங்கிக்கொண்டால் பிற்பாடு வாரிசுச் சிக்கலும் இருக்காது.

சுந்தரி 74:
எனக்கு வயது 74. பதினோராம் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு சிதம்பரத்து வீட்டை விற்று என்னை இங்கே கொண்டு வந்தார்கள். மகனும் மருமகளும் நல்லவர்கள், ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலை எட்டரைக்குக் கதவு சாத்தினால் மாலை ஏழரைக்குத்தான் திறக்கும். ஊரில் பால்காரம்மா, பூக்காரி, கோயிலுக்குப் போகிறவர்கள் என்று வாசலில் நின்றாலே ஒரு நாளைக்கு இருபது பேரிடம் பேசுவேன். இங்கே லிஃப்டில் ஒரு குழந்தை "பாட்டி, எந்த ஃப்ளோர்?" என்று கேட்கிறது. சில நாட்களில் எனக்கு அதுதான் பேச்சு.

ஓஎம்ஆர் தம்பி, பத்திரம் என்று நீங்கள் சொல்வது கீழே விழாமல் இருப்பதை. எனக்கு அது மட்டும் போதவில்லை. காவிரிக்கரை மகளே, உன் அப்பாவை எதிர்வீட்டுக்காரர் சுவரேறிக் குதித்துத் தூக்கினார் என்று எழுதியிருக்கிறாய் அம்மா. அந்த எதிர்வீட்டை எந்த விலை கொடுத்து வாங்குவாய்?

ராதா கோவை:
சுந்தரி அம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனால் உங்கள் தனிமைக்குக் காரணம் இடம் மாறியது இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் வயதில் அங்கே ஒருவரும் இல்லை, அதுதான். நானும் கணவரும் ஆறு வருடமாக வடவள்ளிப் பக்கம் மூத்தோர் குடியிருப்பில் இருக்கிறோம். யாரும் கொண்டுவந்து விடவில்லை, நாங்களே பார்த்துப் பார்த்து வந்தோம். காலை எட்டே முக்காலுக்குள் நான் சாப்பாட்டுக்கூடத்துக்கு வரவில்லை என்றால் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். எங்களுக்கும் எதிர்வீடு உண்டு.

ஆனால் காவிரிக்கரை மகளே, படத்தைப் பார்த்து மட்டும் முன்பணம் கட்டாதீர்கள். "வாங்குவது" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்வதில் மூன்று விதம் இருக்கிறது. ஒன்று, கிரயப் பத்திரம் போட்டு வாங்குவது. இன்னொன்று, பெரிய தொகையை வைப்பாகக் கட்டி ஆயுள் வரை குத்தகையாக இருப்பது. மூன்றாவது, வெறும் மாத வாடகை. எதுவானாலும் மாதா மாதம் பராமரிப்புக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் தனி. அது ஏறிக்கொண்டேதான் போகும், எந்தக் கணக்கில் ஏற்றுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். படுத்த படுக்கையானால் அங்கேயே பார்ப்பார்களா, "வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்களா என்றும் கேளுங்கள். நிறைய இடங்களில் தானாக நடமாடுகிறவர்களுக்கு மட்டும்தான் வசதி. நாளை விற்றால் அதில் நிர்வாகத்துக்கு எவ்வளவு போகும், மகள் வந்தால் எத்தனை நாள் தங்கலாம், இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, பத்திரம் யார் பெயரில்? அண்ணன் பணம் போடுகிறார் என்பதற்காக அவர் பெயரில் மட்டும் போட்டால், சொந்த வீட்டில் இருந்தவர்கள் மகன் வீட்டில் இருப்பவர்கள் ஆகிவிடுவார்கள்.

பதிவாளர் (ஓய்வு):
முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவன். ஓஎம்ஆர் மகன் போகிற போக்கில் சொன்ன ஒன்றுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பது சுலபம்தான். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், 2023 ஜூலை முதல் அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்துவிட்டால் சொத்து அன்றைக்கே கைமாறிவிட்டது, நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. கைரேகை வைத்த கையோடு "இனி நான் எங்கே இருப்பேன் சார்?" என்று என்னிடமே கேட்ட அம்மாக்கள் உண்டு.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதிக் கொடுத்து, பார்த்துக்கொள்ளாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பராமரிப்பு நிபந்தனை இருந்ததாகக் காட்டினால்தான் அந்தப் பிரிவு செல்லும் என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அதே வருடம் மார்ச் மாதம் நாகப்பட்டினத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நிபந்தனையை வெளிப்படையாக எழுதவில்லை என்பதற்காகத் தாயைக் கைவிட முடியாது என்றது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் எண்பது வயதில் யார் வழக்கு நடத்துவது? எழுதியே தீர வேண்டும் என்றால், இருவர் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் உயில் போதும்.

விற்பதானாலும் அவசரம் வேண்டாம். 2001-க்கு முன்பே வந்த சொத்து என்றால் லாபத்துக்கு வரி கணக்கிடும்போது அந்த வருடம் ஏப்ரல் 1 மதிப்பை அசலாக எடுத்துக்கொள்ளலாம். விற்ற லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினால் வரி மிச்சம். குத்தகை வைப்புக்கு அந்தச் சலுகையை நம்பாதீர்கள், ஆடிட்டரைக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஓஎம்ஆர் மகன்:
செட்டில்மெண்ட் விஷயத்தில் என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன் ஐயா. அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் இடம் மாற வேண்டும் என்பதில் மாறமாட்டேன்.

இயன்முறை நர்மதா:
மாறாமலே என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லையே. நான் வீடு வீடாகப் போய் இயன்முறை சிகிச்சை தருபவள். அந்தப் பகுதிப் பழைய வீடுகள் எனக்கு நன்றாகத் தெரியும். விழுந்த நேரத்தைப் பாருங்கள்: விடியற்காலை, இருட்டு, கழிப்பறை கொல்லையில், நடுவில் முற்றம். உங்கள் அப்பாவை விழவைத்தது அந்த நாற்பது அடி நடை.

கூடத்தை ஒட்டி ஒரு உள்ளறை இருக்குமே, அங்கே மேற்கத்தியக் கழிப்பறை ஒன்று கட்டுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி. சுவரில் கைப்பிடி. முற்றத்துப் படிக்குச் சரிவு போடுவதென்றால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம், அதாவது ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. கொத்தனார் இரண்டடியில் முடித்துக் கொடுப்பார், விட்டுவிடாதீர்கள், அதில் இன்னும் சுலபமாக வழுக்கும். எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுங்கள், கதவையும் வெளியிலிருந்து சாவி போட்டால் திறக்கிற பூட்டாக மாற்றுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வாசலுக்கே வருகிறது, இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு.

இது எல்லாம் ஒரு மாத வேலை. வீடு விற்பது திரும்பி வராத வேலை.

ஓஎம்ஆர் மகன்:
எல்லாம் சரி. அந்த ஒரு மாதம் கொத்தனாரோடு நிற்பது யார்? வேலைக்காரம்மா நின்றுவிட்டால் அடுத்த ஆளைத் தேடுவது யார்? இந்தப் பக்கத்தில் எல்லோரும் அம்மாவைப் பற்றிப் பேசுகிறோம், வீட்டைப் பற்றிப் பேசுகிறோம். கேள்வி கேட்ட இந்தப் பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணன் டாலஸிலிருந்து போன் செய்வார். ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து ஓடப்போவது இவர். நான் மூன்று வருடம் அப்படி ஓடினேன். ஞாயிறு ராத்திரி திரும்பி, திங்கள் காலை நேராக ஆபீஸ். என் உடம்பும் போனது, அம்மாவிடம் நான் பேசுகிற பேச்சும் கெட்டது. ஊரிலேயே இருக்கட்டும் என்று சொல்வது அன்பு என்றால், அந்த அன்பின் சம்பளத்தை ஒருத்தர் மட்டும் கட்டக்கூடாது.

சுந்தரி 74:
தம்பி, இது நியாயம். இதை நான் யோசிக்கவில்லை. என் மகனும் மாதா மாதம் சிதம்பரம் வந்துகொண்டுதான் இருந்தான். அவன் முகத்தில் இருந்த களைப்பை நான் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன். ஆனாலும் ஒன்று சொல்வேன். களைப்பாக இருக்கிறது என்று அவன் என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நானே பெட்டி கட்டியிருப்பேன். வீட்டுக்கு விலை பேசி முடித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

காவிரிக்கரை மகள்:
எல்லோருக்கும் நன்றி. ஓஎம்ஆர் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன். போன வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவோடு நான்கு நாள் இருந்தேன். வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. பரணிலிருந்து பாத்திரத்தை இறக்கித் துடைக்கலாம் என்றேன், அம்மாவும் உட்கார்ந்தார். பித்தளை அண்டா, தவலை, அடுக்கு, எவர்சில்வர் தூக்கு. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, யார் எதற்குக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு தூக்கில் என் பெயரும் நான் பிறந்த தேதியும் இருந்தது. எனக்கே தெரியாது.

மூன்றாவது நாள் அவரே கேட்டார். "அங்கே உங்கள் அப்பா போய்விட்டால் என்னை மட்டும் இருக்க விடுவார்களா, காலி பண்ணச் சொல்வார்களா? இந்த வீட்டையும் விற்றிருப்பீர்கள். அப்புறம் நான் எங்கே வருவேன்?" அவ்வளவுதான் அவருடைய பயம். இந்த வீட்டைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, நாங்களாக நினைத்துக்கொண்டோம். எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து ராதா மேடம் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "இந்தப் பெண்மணி சொல்வதை எல்லாம் ஒரு தாளில் எழுது" என்றார்.

அண்ணனிடம் பேசிவிட்டேன். வீடு விற்பனை இந்த வருடம் இல்லை, செட்டில்மெண்டும் இல்லை. உள்ளறையில் கழிப்பறை கட்டுகிறோம், செலவு அண்ணனுடையது. மேஸ்திரியிடம் தினமும் வீடியோவில் அவரே பேசுவார். வேலை நடக்கிற இரண்டு மாதம் அப்பாவும் அம்மாவும் கோவையில் வாடகைக்கு இருந்து பார்ப்பார்கள். அண்ணனுக்கு இதில் முழு சம்மதம் இல்லை, பணம் இரண்டு பக்கமும் போகிறதே என்கிறார்.

ஓஎம்ஆர் மகன்:
அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. நான் இன்னமும் கோவைதான் என்பேன். ஆனால் இரண்டு மாதம் முடிகிற தேதியை இப்போதே குறித்து, அன்றைக்கு நான்கு பேரும் சேர்ந்து பேசுங்கள். தேதி இல்லாவிட்டால் இது என் நான்கு வருடம் மாதிரி ஆகிவிடும்.

பதிவாளர் (ஓய்வு):
கிளம்பும் முன் ஒரு வேலை. மூலப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் நகல் எடுத்து, அசலை வங்கி லாக்கரில் வைத்துவிடுங்கள். பூட்டிய வீட்டுப் பீரோவில் வேண்டாம். அப்பாவுக்குப் பென்ஷன் வருகிறது என்றால் அதற்கு உயிர்வாழ் சான்று எப்போது கொடுக்க வேண்டும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது செல்பேசியில் முகம் காட்டியே கொடுக்கலாம்.

காவிரிக்கரை மகள்:
செய்கிறேன் ஐயா. ராதா மேடம், ஒரு சின்னக் கேள்வி. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஊஞ்சலைக் கொண்டு போகலாமா என்று. தேக்குப் பலகை, அளந்து பார்த்தேன், ஐந்தே முக்கால் அடி.

ராதா கோவை:
வாடகை வீட்டுக் கூரைத் தளத்தில் கொக்கி அடிக்க விடமாட்டார்கள். இரும்புச் சட்டத்தில் மாட்டுகிற தாங்கி கிடைக்கிறது, எங்கள் வரிசையில் இரண்டு வீட்டில் அப்படித்தான் தொங்குகிறது. கூடம் பதினொரு அடி இருக்கிற வீடாகக் கேளுங்கள், ஆடுவதற்கு முன்னும் பின்னும் இடம் வேண்டும்.

இயன்முறை நர்மதா:
உட்கார்ந்தால் அப்பாவின் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிற உயரத்தில் சங்கிலியைக் கட்டச் சொல்லுங்கள். எழுந்திருக்கும்போது பலகை பின்னால் நழுவும், அதனால் பிடித்துக்கொள்ளப் பக்கத்திலேயே ஒரு கனமான நாற்காலி இருக்கட்டும். கட்டுப் பிரித்த கையை ஊன்றாமல், மற்றக் கையை ஊன்றி எழுந்திருக்கப் பழக்குங்கள்.