மூச்சுப் பிடிக்க முடியாதவருக்கு ரீனல் எம்ஆர்ஏ (சிறுநீரகத் தமனிகளை எம்ஆர்ஐயில் படமெடுப்பது): அசைவு விழாமல் எடுக்க வழி உண்டா?

சேலம் டெக்னீஷியன்:
வணக்கம். சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ மெஷினில் வேலை பார்க்கிறேன். ஏற்காட்டிலிருந்து ஒரு பெரியவர் வரப்போகிறார். காப்பித் தோட்டத்தில் உழைத்த உடம்பு, 70 வயதுக்கு மேல். பிரஷர் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) 30-க்குக் கீழே இருப்பதால் காண்ட்ராஸ்ட் ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 10 விநாடிகூட அவரால் மூச்சடக்க முடியாது. வேறு இடத்தில் எடுத்த படத்தில் பெருந்தமனியே இரண்டு மூன்றாகத் தெரிகிறது, ரீனல் ஆர்ட்டரி கரைந்து கிடக்கிறது. அவரை இன்னொரு தடவை மலையிலிருந்து இறக்கி அலைய விட எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

மூத்த டெக்னீஷியன்:
தம்பி, அவரை மூச்சடக்கவே சொல்லாதீர்கள். நேவிகேட்டர் (மூச்சின் அசைவைக் கண்காணிக்கும் அளவீடு) வைத்து, இன்ஃப்ளோ முறையில், அதாவது உள்ளே பாயும் ரத்தத்தை வைத்தே, எஸ்எஸ்எஃப்பி என்ற சீக்வென்ஸில் (படமெடுக்கும் முறையில்) எடுங்கள். முதலில் வரும் இன்வெர்ஷன் பல்ஸ் அங்கே இருக்கிற திசுவையும் கீழிருந்து ஏறும் சிரை ரத்தத்தையும் அமுக்கிவிடும். மேலிருந்து புதிதாகப் பாயும் தமனி ரத்தம் மட்டும் வெளிச்சமாக வரும். இதயம் மெதுவாகப் பம்ப் செய்பவர் என்றால் டிஐயை (அந்தப் பல்ஸுக்கும் டேட்டா எடுப்பதற்கும் இடையிலான நேரத்தை) கொஞ்சம் கூட்டுங்கள், ரத்தம் உள்ளே வந்து சேர நேரம் வேண்டும்.

நேவிகேட்டரை வலது உதரவிதான மேட்டில் வையுங்கள், பாதி கல்லீரலில், பாதி நுரையீரலில். அந்த எல்லைக் கோடு மானிட்டரில் பளிச்சென்று ஏறி இறங்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு முடித்த நிலையில்தான் டேட்டா எடுக்க வேண்டும். உதரவிதானம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்புவது அப்போதுதான். கொழுப்பின் சிக்னலை அடக்கும் ஃபேட் சப்ரஷன் போடுங்கள். வயிற்றின் முன்பக்கக் கொழுப்புதான் ஃபேஸ் திசையில் (அசைவின் பிழை படத்தில் பரவும் திசையில்) பேயாக, அதாவது போலிப் பிம்பமாக, விழும், அதனால் அதன்மேல் அந்த இடத்தின் சிக்னலை அடக்கும் ஒரு சாச்சுரேஷன் பேண்டும் வையுங்கள்.

அப்புறம், உள்ளே அனுப்புவதற்கு முன் வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, "ஐயா, மெதுவா இழுங்க, மெதுவா விடுங்க" என்று நீங்களே கூடச் சேர்ந்து மூச்சு விட்டுக் காட்டுங்கள். மெஷினில் பதிவாகியிருக்கும் ஆங்கிலக் குரலை அணைத்துவிட்டு நீங்களே மைக்கில் பேசுங்கள். எந்த சீக்வென்ஸை விடவும் இதை நான் நம்புகிறேன்.

ரேடியாலஜிஸ்ட்:
இந்த வயதில் சுருக்கம் பெரும்பாலும் தமனி பெருந்தமனியிலிருந்து பிரியும் வாயில்தான் இருக்கும். மூச்சுக்குச் சிறுநீரகம் நன்றாக ஏறி இறங்கினாலும் அந்த வாய் அவ்வளவு நகராது. அந்த இடம் தெளிவாக வந்தாலே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். 4 மணி நேரம் வெறும் வயிறு போதும். ரீனலுக்குக் குடல் அசைவை அடக்கும் பஸ்கோபான் மருந்து அவசியமில்லை. குடல் தமனி பார்ப்பதென்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் கிளாக்கோமா, பிராஸ்டேட் தொந்தரவு உண்டா என்று கேட்காமல் போடாதீர்கள்.

சேலம் டெக்னீஷியன்:
ரொம்ப நன்றிங்க. நடுவில் தூங்கிவிட்டால்?

மூத்த டெக்னீஷியன்:
மூச்சின் மட்டம் மாறிவிடும், ஏற்பு விகிதம் (நேவிகேட்டர் ஏற்றுக்கொள்ளும் டேட்டாவின் பங்கு) சரியும். உடனே விண்டோவை (ஏற்கப்படும் மூச்சு எல்லையை) அகலமாக்கிவிடாதீர்கள், மங்கல்தான் மிஞ்சும். நிறுத்தி, பேசி எழுப்பி, நேவிகேட்டரைச் சரிபார்த்து மறுபடி தொடங்குங்கள்.