கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், சேதுக்கரையில்

போன தை மாதம் அக்கா மகளுக்கு ராமநாதபுரத்தில் கல்யாணம். தாய்மாமன் என்பதால் மூன்று நாள் முன்பே திருப்பூரிலிருந்து அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் வீட்டில் பந்தல் வேலை. "உட்காரக்கூட இடம் இருக்காது, எல்லாரும் எங்கயாவது சுத்திட்டு சாயங்காலம் வாங்க" என்று மச்சான் சொல்லிவிட்டார்.

இளவட்டங்கள் வேன் பிடித்து ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று கிளம்பினார்கள். அம்மாவுக்கு 73 வயது, முழங்கால் வலி. 22 தீர்த்தமும் ஆடி, அரிச்சல்முனை வரைக்கும் ஒரே நாளில் ஓட அவரால் ஆகாது. சரி என்று நாங்கள் மூன்று பேரும் ஒரு ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசி, தெற்கே திருப்புல்லாணி, சேதுக்கரைப் பக்கம் போனோம். கல்யாணத்துக்கு வரும் பெரியவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன்.

திருப்புல்லாணி, ராமநாதபுரம் டவுனிலிருந்து பத்து கிலோமீட்டர்தான். 108 திவ்யதேசங்களில் ஒன்று. கடலரசனிடம் வழி கேட்டு ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கிடந்த ஊர் என்பார்கள். உள்ளே தர்ப்பசயன ராமராக அவர் சயனித்திருக்கும் சன்னதி உண்டு. பிள்ளை வரம் கேட்பவர்களுக்கு இங்கே பாயசம் பிரசாதம். அரசமரத்தடி நாகர் சிலைகள் முன்னால் பெரியம்மா வெகுநேரம் நின்றார். பேத்திக்காகத்தான் என்று எனக்குத் தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கிருந்து சேதுக்கரை பக்கம்தான். பனையும் உடைமரமுமாக வழி. கடலைப் பார்த்த ஆஞ்சநேயர் கோயில், அதற்கப்புறம் மணல். மூன்று நாள் முன்னால் தை அமாவாசைக்குத் தர்ப்பணக் கூட்டம் நிரம்பியிருந்த இடம் அன்று அமைதியாகக் கிடந்தது. இந்தப் பக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் சொல்கிறார்கள். வாடை வீசும் மாதங்களில் பெண் கடல்தான் கொந்தளிக்குமாம். ஆண் கடல் அன்று குளம் மாதிரி இருந்தது.

கரையோரமாகக் கொஞ்சம் தள்ளி, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, கருஞ்சிவப்பும் பச்சையுமாக எதையோ மணலில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"ஏங்கண்ணு, இது என்ன கீரையா?" என்று அம்மா கேட்டார்.

"கீரை இல்ல ஆத்தா, கடல்பாசி. இது கஞ்சிப்பாசி, அது மரிக்கொழுந்துப் பாசி."

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் பேச்சு. அந்த அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோதே தன் தாயோடு கடலில் இறங்கியவர். கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பிடுங்க வேண்டும். துணி சுற்றாவிட்டால் விரல் கிழியும். மாதம் முழுக்க எடுப்பதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அவ்வளவுதான். பாசி மறுபடி வளர வேண்டும் என்று பெண்களே பேசி வைத்துக்கொண்ட கணக்கு. "முன்ன தீவுப் பக்கம் போவோம், இப்ப விடமாட்டாங்க" என்றார். 1986-இல் இங்குள்ள 21 தீவுகளையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பாசிக்கும் பவளப்பாறைக்கும் அந்தக் காவல் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாசியை அளவாக எடுத்து வாழும் இந்தப் பெண்களிடமும் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று அவர் பேச்சைக் கேட்டபிறகு உறுதியாகத் தோன்றியது.

ரம்ஜான் நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து எங்களுக்கு வரும் வெள்ளை ஜெல்லி, அந்தக் கடல்பாசி, இந்த மாதிரிப் பாசியைக் காய்ச்சி எடுப்பதுதான் என்று அன்றுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. "இத்தனை வருசம் தின்னிருக்கேன், ஒருத்தி மூச்சடக்கி எடுத்ததுன்னு தெரியாம" என்றார்.

கிளம்பும்போது கல்யாண வீடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, காய்ந்த கஞ்சிப்பாசியில் ஒரு பிடி அள்ளி அம்மாவின் முந்தானையில் போட்டார். தண்ணீரில் அலசி அலசி வெயிலில் போட்டால் வெளுக்கும், அப்புறம் காய்ச்சலாம் என்று பக்குவமும் சொன்னார். காசு கொடுத்தோம், வாங்கவே இல்லை. பெரியம்மா தன் பையிலிருந்த வெற்றிலை பாக்கு, பழத்தைக் கொடுத்தார். அதை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு கீழக்கரை. கற்தூண்களோடு கோயில் மண்டபம் போலவே நிற்கும் பழைய ஜும்ஆ பள்ளிவாசலை வெளியே நின்று பார்த்தோம். தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் என்ற இனிப்பு ஒரு கிலோ வாங்கினோம். நாலு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டோம். வேனில் போனவர்கள் வர ராத்திரி ஒன்பது ஆனது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அடுத்த மாதம் பொண்ணும் மாப்பிள்ளையும் திருப்பூருக்கு விருந்துக்கு வந்தபோது, மொட்டை மாடியில் பத்து நாள் காயவைத்து வெளுத்த அந்தப் பாசியை அம்மா பால் விட்டுக் காய்ச்சி, ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தார். யார் கொடுத்தது, எப்படி எடுத்தது என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடவே விட்டார்.